இலேசான டப்பெட்டும் வலிய சுருள்வில்லும்

மோட்டார் வண்டியின் என்ஜினை மேலும் வேகமாகச் சுழலச் செய்ய விரும்பும் இளைஞர்கள் முதலில் நாடுவது பெரிய கார்புரேற்றரை. அடுத்து நாடுவது பந்தய ஓட்டத்திற்கான கேம் தண்டை. இவ்விரண்டும் கைக்கு வந்தபின், "டப்பெட்டும் இலேசாக இருக்கவேண்டும்" என்று எவரேனும் சொல்ல, அதனையுந் தேடி அலைவர். "சேர், எந்த டப்பெட்டை வாங்குவது?" என்று பழைய மாணாக்கர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது தந்தையார் வைத்துச் சென்ற மொறிஸ் மைனர். வீட்டிலுள்ள ஒரே வண்டியும் அதுவே. ஆதலால் விடை பிழைத்தால் நட்டம் சிறிதன்று.

மைனரின் என்ஜின் சாமானியமானதன்று. 1951 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ30 காரில் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடன் தோன்றிய இவ்வினம், அடுத்த ஆண்டே மைனருக்கு வந்தது. 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் வளர்ந்தது. மினி கூப்பர் எஸ் என்னுஞ் சிறு வண்டி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டப் போட்டியில் வென்றதும் இவ்வினத்து என்ஜினாலேயே. நம் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் அருகிப்போன போர்க்காலத்தில், பழைய ஆங்கிலேய வண்டிகள் பல மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பொறுமையும் இந்த என்ஜினுக்கு உண்டு.

இவ்வென்ஜினில் கேம் தண்டு அடியிலே கிடக்கின்றது. கேமின் மேல் அமர்ந்திருப்பது டப்பெட். மேற்பக்கந் திறந்த சிறு இரும்புக் கிண்ணம் போன்றது. அதனுள் நிற்கும் தள்ளுகோல் மேலேயுள்ள றொக்கர் கையை உயர்த்த, அக்கை மறுபுறஞ் சாய்ந்து வால்வைத் திறக்கின்றது. இங்கே ஒன்றை மனத்திற் கொள்க. கேமினால் தள்ள முடியுமேயன்றி இழுக்க முடியாது. திறப்பது கேம், மூடுவது சுருள்வில். வால்வு, றொக்கர், தள்ளுகோல், டப்பெட் ஆகிய அனைத்தையும் கேமை விட்டு அகலாமற் பிடித்துவைக்கும் பொறுப்பு அந்த ஒரு வில்லினுடையது.

நிமிடத்திற்கு 7000 சுற்று என்றால், ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 58 முறை திறந்து மூடுகின்றது. பந்தயக் கேம் ஒன்று 270 பாகை வரை வால்வைத் திறந்துவைப்பதாகக் கொண்டால், திறந்து உயர்ந்து திரும்பி மூடும் வேலை முழுவதற்கும் கிடைப்பது ஆயிரத்தில் ஆறரைச் செக்கனுக்குங் குறைவே. கேமின் மூக்கைக் கடக்கும் வேளையில் மேலே பாயும் உறுப்புக்களை நிறுத்தித் திருப்பும் விசை வில்லிலிருந்தே வரவேண்டும். அவ்விசை திணிவுக்கு நேர்விகிதமாகவும், சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் கூடும். 5000 இலிருந்து 7000 க்குச் சென்றால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. வேண்டிய விசையோ ஏறத்தாழ இருமடங்கு. வில் தோற்றால் டப்பெட் கேமை விட்டுத் துள்ளும். பின்னர் சம்மட்டியடிபோல் வந்து விழும். வால்வு தன் இருக்கையில் மோதித் தெறிக்கும். இந்நிலையையே 'வால்வு மிதத்தல்' என்பர்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று வில்லை வலிதாக்குதல். மற்றது உறுப்புக்களின் திணிவைக் குறைத்தல். நம்மவர்கள் முதலாவதையே விரும்புகின்றனர், மலிவானதாதலால். இரண்டையுஞ் சேர்த்தே செய்துவிடுவோரும் உளர். அதிலேதான் கேடு இருக்கின்றது. வலிய வில் கேமின் மூக்கையும் டப்பெட்டின் அடியையும் ஓயாது நசுக்குகின்றது. இன்னுஞ் சொல்வேன்: என்ஜின் மெதுவாக ஓடும்போதே மூக்கின்மீது அழுத்தம் மிகுதி. வேகமாக ஓடுகையில் வில்லின் விசையில் ஒரு பங்கைச் சடத்துவம் ஏற்றுக்கொள்ளும். சந்தியில் நின்று உறுமும்போது அவ்வுதவியும் இல்லை. எனவே இலேசான டப்பெட்டின் உண்மையான பயன், அதனால் வலிய வில்லைத் தவிர்க்கலாம் என்பதே. வலிய வில்லையும் போட்டுவிட்டு இலேசான டப்பெட்டுக்குப் பணங் கொடுப்பவர், பெற்ற பயனைத் தாமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றார்.

பயன் எவ்வளவு என்பதையும் கணித்துப் பார்க்கலாம். மைனரின் றொக்கர் கைக்கு நெம்புவிகிதம் ஏறத்தாழ 1.25. டப்பெட் ஒரு மில்லிமீற்றர் உயர வால்வு ஒன்றேகால் மில்லிமீற்றர் நகரும். ஆதலால் டப்பெட்டிற் குறைத்த 10 கிராம், வால்வின் பக்கம் 1.25 இன் வர்க்கத்தால் வகுபட்டு 6.4 கிராமாகவே எண்ணப்படும். அமெரிக்காவில் 1955 இல் வெளிவந்த செவ்ரொலே எட்டுச் சிலிண்டர் என்ஜினில் நெம்புவிகிதம் 1.5, அங்கே அதே 10 கிராம் 4.4 ஆகச் சுருங்கும். ஆகவே வால்விலும் அதன் வில்லைத் தாங்கும் தொப்பியிலும் குறைக்கும் ஒரு கிராம், டப்பெட்டிற் குறைக்கும் ஒன்றரைக் கிராமுக்கும் சற்று மேலானது. 1948 இன் ஜாகுவார் எக்ஸ்கே போல, கேம் தண்டு தலைக்கு மேலேயே சுழன்று டப்பெட் நேரே வால்வின்மேல் அமர்ந்திருக்கும் என்ஜின்களில் இக்கழிவு இல்லை. அங்கே கிராமுக்குக் கிராம் பயன். நம் மைனரில் அசையும் திணிவு முழுவதும் பத்தில் ஒரு பங்கு குறைந்ததென வைத்துக்கொண்டாலும், 6500 வரை தாங்கிய வில் ஏறத்தாழ 6850 வரையே தாங்கும்.

"அப்படியாயின் தள்ளுகோலையும் மெலிதாக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். கூடாது. மெலிந்த கோல் வளையும். வளைந்த கோல் தானே ஒரு வில்லாகி, எதிர்பாராத கணத்தில் வால்வை எறியும். அங்கே இலேசைவிட விறைப்பே வேண்டும்.

இனித் தெரிவு. டப்பெட்டின் திணிவைச் சுவரை மெலிதாக்கியோ, உயரத்தைக் குறைத்தோ, பக்கத்தில் துளையிட்டோ குறைக்கலாம். அத்துளை எண்ணெயைக் கேமுக்கு வடியவிடுமாதலால் நன்மையும் உண்டு. அடித்தளத்தின் தடிப்பிலே மட்டும் கை வைக்கலாகாது. கடைச்சற்பட்டறையிற் கொடுத்துப் பழைய டப்பெட்டைக் கடைந்தெடுப்போர் இதனையே மறக்கின்றனர். அடித்தளம் தட்டையாகத் தோன்றினும் மிகச் சிறிதளவு குவிந்திருக்கும். கேமும் சற்றுச் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். இதனால் டப்பெட் தன் துளையிற் சுழன்றுகொண்டேயிருந்து தேய்வைப் பரப்புகின்றது. தீட்டுக்கல்லில் அதனைத் 'தட்டையாக்கி'க் கொடுப்பவரிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுக. உலோகமும் கேமுக்கு ஒத்ததாதல் வேண்டும். வார்ப்பிரும்புக் கேமுக்கு அதற்கேற்ற வார்ப்பிரும்பு டப்பெட்டே பொதுவிற் பொருந்தும். உருக்குக் கேமாயின் அதனைச் செய்தவர் குறிப்பிடும் டப்பெட்டையன்றி வேறொன்றை நாடவேண்டாம்.

புதிய கேமுக்குப் பழைய டப்பெட் ஒருபோதும் ஆகாது. புதியன இரண்டையும் மொலிப்டினம் கலந்த பசை பூசிப் பொருத்தி, முதன்முறை இயக்கியவுடன் இருபது நிமிடம் ஏறத்தாழ 2000 சுற்றில் ஓடவிடல் வேண்டும். மெதுவாக ஓடவிட்டு ஓசையை இரசித்துக்கொண்டிருத்தல் ஆகாது. எண்ணெயிலும் கவனந் தேவை. இத்தகைய டப்பெட்டைக் காப்பது எண்ணெயிலுள்ள துத்தநாக, பொசுபரசுச் சேர்வை. 2004 இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து, இக்காலக் கார்களின் புகைச்சுத்திகரிப்புக் கருவியைப் பேணுதற்பொருட்டு, வழக்கமான மெல்லிய எண்ணெய்களில் பொசுபரசின் அளவு நூற்றுக்கு 0.08 என மட்டுப்படுத்தப்பட்டது. விலையுயர்ந்த புத்தம் புதிய எண்ணெய் பழைய வண்டிக்கு நல்லதென்று எண்ணிவிடலாகாது. பழைய என்ஜின்களுக்கென விற்கப்படுவதையே கேட்டு வாங்குக.

என் மாணாக்கருக்கு விடை இதுதான். கடைக்கும் கோவிலுக்கும் போய்வரும் மைனர் 5500 சுற்றைக் காண்பதே அரிது. அதற்கு இலேசான டப்பெட் வேண்டியதில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றதற்குக் கேமை மாற்றி 6500 க்கு மேற் செல்வதாயின் வாங்கலாம். ஆனால் கேம், டப்பெட், வில் மூன்றையும் ஒரே தொகுதியாக, ஒரே தயாரிப்பாளரின் சொற்படி வாங்குக. மைனரின் என்ஜினுக்குப் பக்கவாட்டில் இரண்டு தகட்டு மூடிகள் உள. றொக்கரையும் தள்ளுகோல்களையும் எடுத்துவிட்டு அம்மூடிகளைக் கழற்றினால் எட்டு டப்பெட்டுகளையும் விரலாலேயே வெளியே எடுத்துப் பார்க்கலாம். எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு வைக்க மறக்கவேண்டாம். அடித்தளத்திற் குழியோ உரிவோ இல்லையாயின், ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கே திருப்பிப் போட்டு, அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி வைத்து மூடிவிடலாம்.