முற்றுகையிடப்பட்டவர் யார்?

படையெடுத்து வந்தவனைப் பலியானவனாகக் காட்டும் வல்லமை கலைக்கு உண்டு. இன்றைய ஜிம்பாப்வேயில் இந்தெபெலே மக்களின் நாடு 1893இல் பறிக்கப்பட்ட கதையை, லண்டன் ஓவியங்களும் மேடைகளும் அப்படித்தான் புரட்டிப்போட்டன.

போரைத் தொடுத்தது செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கா கம்பெனி. படையில் சேர்ந்தால் ஆளுக்கு 6,000 ஏக்கர் நிலம், கொள்ளையில் கிடைக்கும் மாடுகளில் பங்கு என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தது. அக்டோபர், நவம்பர் சண்டைகளில் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் இந்தெபெலே வீரர்களை நூற்றுக்கணக்கில் சாய்த்தன. கம்பெனி தரப்பில் இறந்தவர்கள் வெகு சிலரே.

டிசம்பர் 4 அன்று மட்டும் நிலைமை மாறியது. மன்னர் லோபெங்குலாவைப் பிடிக்க ஷங்கானி ஆற்றைக் கடந்த மேஜர் ஆலன் வில்சனின் பிரிவில் 34 பேர் சுற்றிவளைக்கப்பட்டு மாண்டனர். ஆறு பெருகியதால் மேக்சிம்கள் மறுகரையிலேயே தங்கிவிட்டன.

போர் முழுவதிலும் கலைஞர்கள் அதிகம் கொண்டாடியது இந்த ஒரு நாளைத்தான். ஆலன் ஸ்டூவர்ட் இதை ஓவியமாக்கினார். 1899இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில், ஆப்பிரிக்காவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களையே நடிக்கவைத்துக் காட்சியாக்கினார்கள். அது திரைப்படமாகவும் வந்தது. 1904இல் மடோபோ குன்றில், ரோட்ஸின் கல்லறைக்கு அருகே, ஜான் ட்வீட் வார்த்த வெண்கலச் சிற்பங்களுடன் நினைவுச் சின்னம் எழுந்தது.

குதிரைப் பிணங்களுக்கு நடுவே கடைசித் தோட்டா வரை போராடும் வெள்ளையர்கள்: இந்தச் சித்திரத்தைப் பார்ப்பவர் மனம் யார் பக்கம் சாயும்? வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்ற கேள்வியே அங்கே எழாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளையத்துக்குள் சிக்கிய வெள்ளையர் ஒருவரும் பிழைக்கவில்லை. கடைசி நிமிடங்களை விவரித்தவர்கள் எதிரே நின்ற இந்தெபெலே வீரர்கள்தான். சாட்சியத்தை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, அவர்களையே பெயரில்லாத கும்பலாக்கிய அநீதி இது.

மறுபக்கத்தைக் காட்டத் துணிந்தவர் நாவலாசிரியர் ஆலிவ் ஷ்ரைனர். 1896இல் இந்தெபெலேக்களும் ஷோனாக்களும் கிளர்ந்தெழுந்தபோது கம்பெனி செய்த கொடுமைகளைக் கண்டித்து, அடுத்த ஆண்டே ஒரு குறுநாவல் வெளியிட்டார். அதன் முகப்பில் ஒரு புகைப்படம்: மரக்கிளையில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களின் உடல்கள், அருகில் சாவகாசமாக நிற்கும் வெள்ளையர்கள். பின்வந்த பதிப்புகளில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். 1974 பதிப்பில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. வீரமரண ஓவியத்துக்குச் சுவர் கிடைத்தது. தூக்குமரப் படத்துக்குப் பல பத்தாண்டுகள் புத்தகத்தின் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

பழைய ஓவியங்களைக் கிழிக்கவோ சிலைகளை உடைக்கவோ தேவையில்லை. உடைத்தால் பொய் சொன்னதற்கான ஆதாரமும் சேர்ந்து அழியும். அருங்காட்சியகங்களும் பாடநூல்களும் வில்சனின் படத்தை வைக்கும் இடத்தில் 6,000 ஏக்கர் ஒப்பந்தத்தையும் அந்தத் தூக்குமரப் புகைப்படத்தையும் சேர்த்தே வைக்கட்டும். நிலத்தை இழந்தவர்களின் தரப்பைச் சொல்லாத எந்தப் போர்ச்சித்திரமும், எவ்வளவு அழகாகத் தீட்டப்பட்டிருந்தாலும், வென்றவனின் விளம்பரமே.