தோட்டத்துல ஜல்லி அடிக்கறவங்களுக்கு...

பதிவுலகத்துல ஜல்லி அடிக்கறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னிக்கு நான் பேசப் போறது நிஜ ஜல்லி. லாரியில டன் கணக்கா வந்து இறங்கி, வீட்டைச் சுத்தி இண்டு இடுக்கு விடாம பரப்பி, "பாருங்க, பாலைவனத்துல தண்ணியை எப்படி மிச்சம் பிடிக்கறோம்"னு படம் எடுத்துப் போடறாங்களே, அந்த ஜல்லி.

அரிசோனாவுல ஃபீனிக்ஸைச் சுத்தி, சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வாங்கற நம்மாளுங்க சாவி கைக்கு வந்ததும் கேக்கற முதல் கேள்வி, "பின்கட்டு வெறும் மண்ணா கிடக்கே, என்ன போடலாம்?" உடனே நாலு பேர் ஒரே குரல்ல சொல்ற பதில், "கல்லைக் கொட்டிரு மச்சான், அதோட வேலை முடிஞ்சது." இந்தப் பதிவு அந்த நாலு பேருக்கு.

முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடறேன். இல்லாட்டி நான் புல்லுக்கு வக்காலத்து வாங்கறேன்னு கிளம்பி வருவீங்க. புல்தரையை எடுத்தது சரி. நூத்துக்கு நூறு சரி. ஃபீனிக்ஸுக்கு வருஷத்துக்குக் கிடைக்கற மழை சுமார் 180 மில்லிமீட்டர். மழை மறைவுப் பிரதேசம்னு நாம சொல்ற கோயம்புத்தூருக்கே இதைவிட மூணு மடங்கு பெய்யும். கொலராடோ ஆத்துல தண்ணி இல்லைன்னு 2021 ஆகஸ்ட்ல முதல் தடவையா அதிகாரப்பூர்வமா பற்றாக்குறை அறிவிச்சு, 2022ல அரிசோனாவோட பங்குல 18 சதவீதத்தை வெட்டினாங்க. நெவாடாவுல 2021லயே சட்டம் போட்டுட்டாங்க, 2027லேருந்து யாரும் மிதிக்காத அலங்காரப் புல்லுக்கு அந்த ஆத்துத் தண்ணியை விடக்கூடாதுன்னு (தனி வீடுகளுக்கு இது பொருந்தாது). இப்படிப்பட்ட ஊர்ல பெர்முடா புல் வளர்த்தது கூத்துதான். அந்த பெர்முடா வேற யாரும் இல்ல, நம்ம அருகம்புல். பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி சாத்த வேண்டியதை ஊர் முழுக்க வளர்த்து, வாராவாரம் மெஷின் வெச்சு வெட்டி, குப்பையில போட்டுட்டு இருந்தாங்க.

சண்டை அதுக்கு அப்புறம் செஞ்சதுலதான். புல்லைச் சுரண்டி எடுத்தாச்சு. மேல ஒரு கறுப்புத் துணி. துணின்னு பேரு, சங்கதி பிளாஸ்டிக். அதுக்கு மேல ரெண்டு அங்குலம் கிரானைட் ஜல்லி. நடுவுல மூணு ஓட்டை போட்டு மூணு செடி, செடிக்கு ஒரு சொட்டுக் குழாய். முன்வாசல்னா ஜல்லியோட நிறத்தைக்கூட நீங்க முடிவு பண்ண முடியாது. ஹெச்.ஓ.ஏ.ன்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க கையில நிறப் பட்டியல் இருக்கு. எல்லாம் முடிஞ்சதும் "ஜெரிஸ்கேப் பண்ணிட்டோம்"னு சொல்லிக்கறது.

ஐயா, அந்த வார்த்தையை 1981ல உருவாக்கினது டென்வர் நகரத்துத் தண்ணீர் வாரியம். அதுக்கு ஏழு கொள்கை வெச்சாங்க. மண்ணை வளப்படுத்துங்கறது ஒண்ணு. மூடாக்கு போடுங்கறது ஒண்ணு. பராமரிப்பு ஒண்ணு. ஏழையும் திருப்பித் திருப்பிப் படிச்சாலும் 'பிளாஸ்டிக் விரிச்சு மண்ணை மூச்சடைக்க வை'ன்னு எங்கயும் இல்ல. நம்மாளுங்க பண்ணி வெச்சிருக்கறதுக்குப் பேரு ஜெரிஸ்கேப் இல்ல, ஜீரோஸ்கேப்.

போன வருஷம் ஊர்லேருந்து அப்பா வந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கற மனுஷன். மொத நாள் காலையில தெருவுல ஒரு சுத்து நடந்துட்டு வந்து கேட்டார், "ஏங் கண்ணு, இத்தன ஊட்லயும் இன்னும் கட்டட வேல முடியலீங்களா?" :-)

சிரிச்சாச்சு, சரி. ஆனா அதுக்கு அப்புறம் அவர் ஒண்ணு பண்ணினார். எங்க வீட்டுப் பின்கட்டுல முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போன ஜல்லியை ஒரு மூலையில விலக்கி, துணியைக் கிழிச்சு, மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லாம திருப்பிப் போட்டுட்டார். சாம்பல் கலர்ல, கட்டி கட்டியா, ஒரு புழு பூச்சி இல்லாத மண்ணு. பக்கத்துல நிக்கற மரத்தோட வேர் கீழ போகாம, துணிக்கு மேல தவழ்ந்து ஜல்லிக்குள்ள போய்ட்டிருந்தது. ஏற்கனவே இந்த ஊர் மண்ணுல கொஞ்சம் தோண்டினா கலீச்சேன்னு சுக்கான் பாறை மாதிரி ஒரு அடுக்கு வரும். மேல பிளாஸ்டிக், கீழ பாறை, நடுவுல தண்டுக்குப் பக்கத்துல மட்டும் சொட்டற தண்ணி. அந்த மரம் எங்க போய் கால் ஊணும்? ஜூலை மாசம் மான்சூன் காத்து அடிக்கறப்போ தெருத் தெருவா மரம் வேரோட சாயறதுக்கு காத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல.

புல்லோட சேர்ந்து தண்ணியையும் நிறுத்தறவங்க இன்னொண்ணை மறந்துடறாங்க. பழைய மரம் அத்தனை வருஷம் வாழ்ந்தது புல்லுக்கு விட்ட தண்ணியிலதான். புல் போனா மரத்துக்குன்னு தனியா, ஆழமா, தள்ளித் தள்ளி விடணும். அதை யாரும் சொல்றதில்ல. ரெண்டு வருஷத்துல மரமும் காலி. மிச்சம் ஜல்லி.

"கல்லுன்னா பராமரிப்பே வேண்டாம்"னு சொல்றீங்களே, வருஷத்துக்கு ரெண்டு தடவை, குளிர்கால மழைக்கு முன்னாடி ஒண்ணு, மான்சூனுக்கு முன்னாடி ஒண்ணுன்னு களை முளைக்காம இருக்க மருந்து அடிக்க ஆள் வர்றாரே, அவர் உங்க மாமாவா? இது புழுதிப் புயல் வர்ற ஊரு. ஜல்லி இடுக்குல புழுதி சேரும், புழுதியில விதை விழும், துணிக்கு மேலயே களை முளைக்கும், வேர் துணியை ஊடுருவிப் பிடிச்சுக்கும். பிடுங்கினா துணியும் சேர்ந்து கிழிஞ்சு வரும். அதுக்கு அப்புறம் இலை. பாலோ வெர்டே மரத்துலேருந்து விழற ஒவ்வொரு பொடி இலையையும் காதைப் பிளக்கற ஊதுகுழல் மெஷின் வெச்சு ஊதி, பையில கட்டிக் குப்பைக்கு அனுப்பறோம். மரம் தனக்குன்னு போட்டுக்கற போர்வையைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, ஏன் மரம் வாடுதுன்னு நர்சரிக்காரன்கிட்ட போய் நிக்கறோம். என்னத்த சொல்ல.

இதெல்லாம்கூட போகட்டும், என் கோபம் ராத்திரியைப் பத்தினது. 2023ல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரிக்குக் கீழ இறங்கல (செல்சியஸ்ல 43). அந்த ஜூலை 19ஆம் தேதி, நாளோட மிகக் குறைஞ்ச வெப்பமே 97 டிகிரி, அதாவது 36. விடியக்காலையில! கல்லு பகல் பூரா வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா துப்பும். ஜன்னலுக்குக் கீழயே அதைக் கொட்டி வெச்சுட்டு ஏசி நிக்காம ஓடுதேன்னு புலம்பறோம். மரச்சில்லும் மேல சுடத்தான் செய்யும், ஆனா லேசான பொருள், காத்து அடைச்ச பொருள், சூட்டைக் கீழ இறக்காது, சாயங்காலம் சீக்கிரம் ஆறிடும். மேல ஒரு மர நிழலும் இருந்துட்டா அது வேற ஊரு.

அந்த 2023 கோடையில சகுவாரோ கள்ளிகளே கை உதிர்ந்து சாஞ்சதை ஃபீனிக்ஸ் தாவரவியல் தோட்டத்துக்காரங்க சொன்னாங்க. பாலைவனத்துலயே பொறந்தது, எப்படிச் சாகும்? கள்ளி பகல்ல மூச்சு விடாது. தண்ணி போயிடும்னு துவாரத்தை மூடிக்கும், ராத்திரி குளுந்ததும்தான் திறக்கும். ராத்திரி குளுரலைன்னா திணறும். அதே வருஷம் மரிகோப்பா கவுண்ட்டியில வெப்பத்தோட தொடர்புள்ள சாவுகள் 645. அத்தனையும் கிரானைட்டாலனு சொல்ற அளவுக்கு நான் ஜல்லி அடிக்க மாட்டேன். தார் ரோடு, கான்கிரீட், ஏசி இல்லாத வீடு, வீடே இல்லாதவங்கன்னு காரணம் எவ்வளவோ. ஆனா ஊர் ராத்திரியில ஆறணும்கற நேரத்துல, ஆறவிடாம பண்றதுக்கு நம்ம பங்கா ஆளுக்கு பத்து டன் கொட்டி வெச்சிருக்கோம். ஆறு மாச விசாவுல வர்ற அம்மா அப்பாவைக் கோடையிலதான் கூப்பிடறோம், பசங்களுக்கு அப்பதான் லீவு. அவங்க சாயங்காலம் காத்தாட உட்கார ஒரு இடம் உண்டா உங்க வீட்டுல? ஹால்ல உட்கார்ந்து சீரியல் பார்க்கறதைச் சொல்லல.

"பாலைவனம்னாலே கல்லுதானே"ன்னு அடுத்து ஒரு வாதம் வரும். ஊரை விட்டு ஒரு தடவை வெளிய போய்ப் பாருங்க. சொனோரா பாலைவனத்துல வெறும் கல்லுப் பரப்பும் உண்டுதான், மறுக்கல. ஆனா மெஸ்கிட், அயர்ன்வுட், பாலோ வெர்டே நிக்கற இடத்துல குனிஞ்சு பாருங்க, மரத்துக்கடியில சருகு, காய்ஞ்ச காய், குச்சி. அந்த நிழல்லதான் சகுவாரோ கன்னே முளைச்சுத் தப்பிக்கும். அந்த மரங்களுக்கு செவிலி மரம்னே பேர் வெச்சிருக்காங்க.

இதை நமக்கு யாரும் இங்கிலீஷ்ல சொல்லித் தர வேண்டியதில்லை. மூடாக்குன்னு நம்மாழ்வார் ஊர் ஊரா நடந்து சொன்னார். அதுக்கு முன்னாடியே தென்னையைச் சுத்தி உரிமட்டையைப் புதைச்சு ஈரம் காத்தவங்க நம்ம தாத்தாக்கள். கள்ளிக்காட்டு அரிசோனாவுலயும் இதைச் செஞ்சு காட்டினவர் இருக்கார். டூசான்ல பிராட் லான்காஸ்டர். 1996லேருந்து அவரோட டன்பார் ஸ்ப்ரிங் பகுதியில அக்கம்பக்கத்துக்காரங்களைச் சேர்த்துக்கிட்டுத் தெருவோரம் உள்ளூர் மரமா நட்டார். தெருவுல ஓடற மழைத்தண்ணியை ஓரக்கல்லை வெட்டிக் குழிக்குத் திருப்பினார். குழியில சருகும் சில்லும். அப்போ ஓரக்கல்லை வெட்டறது சட்டவிரோதம். பின்னாடி நகராட்சியே அதுக்கு அனுமதி கொடுத்தது. 2008ல இன்னும் ஒரு படி மேல போய், புதுசாக் கட்டற வணிகக் கட்டடங்கள் தோட்டத்துத் தண்ணியில பாதியை மழையிலேருந்து எடுக்கணும்னு டூசான்ல விதியே போட்டாங்க. அந்த ஊருக்கு மழை நம்ம ஃபீனிக்ஸை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

கறையான் வரும்பீங்க. இந்த ஊர் மண்ணுல கறையான் ஏற்கனவே இருக்கு, நீங்க அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்ல. சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் போடுங்க, மரத்துத் தண்டை விட்டும் தள்ளிப் போடுங்க. தேளா? கல்லிடுக்கு அதுக்குக் கசக்கவா செய்யும்? சில்லு மண்ணுலேருந்து நைட்ரஜனை உறிஞ்சிடும்னு ஒரு பழைய பயம் சுத்திக்கிட்டிருக்கு. மண்ணுக்குள்ள கலந்தா அப்படி, மேல பரப்பினா மண்ணும் சில்லும் தொடற அந்த மெல்லிசு இடத்துல மட்டும்தான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து லிண்டா சாக்கர்-ஸ்காட் இதையும் கறுப்புத் துணியையும் பத்தி வருஷக்கணக்கா எழுதிட்டு இருக்காங்க. காத்துல பறக்கும், மழையில மிதக்கும்னா, அது கடையில மூட்டையில விக்கற உருண்டைப் பட்டை. (சிவப்புச் சாயம் பூசினது வேற இருக்கு, அதை வாங்கறவங்களோட எனக்குப் பேச்சு வார்த்தையே இல்ல.) மரம் கழிக்கறவங்க மெஷின்ல அரைச்சுத் தள்ற கரடுமுரடான சில்லு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். குப்பைமேட்டுல கொட்டக் காசு கட்டணுமேன்னு அவங்களே இலவசமா உங்க வாசல்ல கொட்டிட்டுப் போவாங்க. மூணு நாலு அங்குலம் போட்டா போதும். மக்கி அமுங்கும், வருஷம் ரெண்டு கழிச்சு மேல இன்னொரு நடை. அருகம்புல்லை மட்டும் முதல்லயே வேரோட தீர்த்துடுங்க, அது சில்லையெல்லாம் மதிக்காது.

கல்லுக்கு இடமே இல்லைன்னு நான் சொல்லல. கள்ளி, கத்தாழைக்கெல்லாம் அடியில ஈரம் தங்கினா அழுகிடும், அங்க கல்லே சரி. நடைபாதைக்குக் கல்லு. காட்டுத்தீ வர்ற கலிஃபோர்னியாவுல சுவரை ஒட்டி அஞ்சு அடிக்குள்ள எரியற பொருளே கூடாதுங்கறதுக்கு 2020ல சட்டம் பண்ணினாங்க, அந்த அஞ்சு அடியில கல்லைப் போட்டுக்கோங்க. ஆவியாகறதைக் கல்லும் ஓரளவு தடுக்கும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா மண்ணுக்கு அது ஒரு கவளம் சோறு போடாது.

இப்போ இதை ஏன் இவ்வளவு சூடா எழுதறேன்னா, எங்க முன்வாசல்ல வேப்பமரம் மாதிரி விரிஞ்சு நிக்கற மெஸ்கிட்டுக்கடியில நான் ஜல்லியையும் துணியையும் அள்ளிட்டு சில்லு போட்டு எட்டு மாசம் ஆகுது. போன வாரம் எங்க சங்கத்துலேருந்து கடிதாசு. "முன்புறத்தில் மரக் குப்பை. 14 நாட்களுக்குள் அகற்றவும்." அவங்க அனுமதிப் பட்டியல்ல தரையை மூட அஞ்சு நிறத்துல கிரானைட் இருக்கு, மரச்சில்லு இல்ல. பட்டியல்ல ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். வர்ற வியாழக்கிழமை கூட்டத்துல எடுக்கறாங்களாம். எங்க குடியிருப்புல இருக்கற இன்னும் ரெண்டு தமிழ்க் குடும்பமும் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஃபீனிக்ஸ், டூசான், வேகஸ் பக்கம் இருக்கற பதிவர்கள் யாராவது, உங்க சங்கத்துப் பட்டியல்ல மரச்சில்லுக்கு அனுமதி இருந்தா, அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து புதன்கிழமைக்குள்ள தனிமடல்ல அனுப்புங்க. பிரிண்ட் எடுத்துட்டுப் போறேன்.