வெளுத்த நீருக்கு மருந்திடும் முன்

வீட்டு நீச்சல் குளத்தின் நீர் பால் சிந்தினாற்போல் வெளுத்து, அடித்தளத்திலுள்ள வடிகால் மூடி கண்ணுக்கு மங்கிவிடும் நிலையைப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர் 'கலங்கல்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றனர். அச்சொல் காய்ச்சல் என்ற சொல்லைப் போன்றது. உடல் சுடுகிறது என்பதை அது தெரிவிக்குமே தவிர, எதனால் சுடுகிறது என்பதைத் தெரிவிக்காது. நீரில் கரையாது மிதக்கும் நுண்துகள்கள் தம்மேல் விழும் ஒளியைச் சிதறடிப்பதே கலங்கல் எனப்படுகிறது. அச்சிதறலை அளக்கும் அலகு என்.டி.யு. ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் நீச்சல் குளங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டு நூல், நன்கு சுத்திகரிக்கப்பட்ட நீருக்கு 0.5 என்.டி.யு. என்பதைப் பயனுள்ள மேல்வரம்பாகக் கொள்கிறது. ஆனால் அந்த அளவைத் தாண்டச் செய்யும் துகள் சுண்ணாம்பாக இருக்கலாம், பாசியின் தொடக்க நிலையாக இருக்கலாம், குளிப்போரின் தோலெண்ணெயாகவோ, காற்றில் வந்த புழுதியாகவோ, துருவாகவோ, வெறும் காற்றுக் குமிழியாகவோகூட இருக்கலாம். இவற்றுள் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும் என்பதால், துகள் இன்னதென்று அறியாமல் வாளியைக் கையில் எடுக்கும் வழக்கத்தைத் தொழில் கைவிட வேண்டும் என்பதே இவ்விதழின் கருத்து.

கலங்கலை அழகுக் குறைவாக மட்டும் கருதும் உரிமையாளர்கள் பலர் உள்ளனர். பராமரிப்பாளர் அவ்வாறு கருதலாகாது. 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரப் பொதுக் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் உடல், நீர் கலங்கியிருந்தமையால் இரண்டு நாட்கள் எவர் கண்ணிலும் படாமலே கிடந்தது. அந்நாட்களில் அக்குளம் மூடப்படாமல் மற்றவர்கள் அதில் குளித்துக்கொண்டும் இருந்தனர். உயிர்காப்பாளர் பணியில் இருந்த பொதுக் குளத்திலேயே இந்நிலை என்றால், மேற்பார்வையே இல்லாத வீட்டுக் குளத்தில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. வடிகால் மூடியின் துளைகள் கரையிலிருந்து தெளிவாகத் தெரியாத வரை குளத்தில் எவரையும் இறங்கவிடக் கூடாது என்ற விதிக்கு உரிமையாளரின் விருப்பம் விலக்காக முடியாது.

தமிழ்நாட்டு வீட்டுக் குளங்களில் கலங்கலுக்கு மிகுதியும் காரணமாவது கால்சியம் என்பதும், அதைக் குளத்துக்குள் கொண்டு சேர்ப்பதில் பராமரிப்புக்கே பெரும் பங்கு உண்டு என்பதும் தொழிலில் போதிய அளவு உணரப்படவில்லை. குளத்து நீரில் கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது உகந்தது எனக் கொள்ளப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர விதியோ, வேறு நீர் கிடைக்காத இடத்தில் மொத்தக் கடினத்தன்மை 600 வரை இருப்பதை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்கத் தகும் போர் தண்ணீரே குளத்துக்கு மிகையானதாக இருக்கக்கூடும். அத்துடன் கோடையில் நீர் ஆவியாகும்போது கால்சியம் பின்தங்கிவிடுகிறது. 36 சதுர மீட்டர் பரப்பும் 50,000 லிட்டர் கொள்ளளவும் உடைய ஒரு குளத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 6,500 லிட்டர் புதுநீர் ஊற்ற வேண்டியிருக்கும். அந்நீரின் கால்சியம் கடினத்தன்மை 500 ஆக இருப்பின், சற்றேறக்குறைய மூன்றே கால் கிலோ சுண்ணாம்புக்கு இணையான கால்சியம் குளத்தில் சேர்ந்து, கடினத்தன்மை மாதந்தோறும் 65 அளவு உயரும். பங்குனியில் சரியாக இருந்த குளம் ஆனி முடிவதற்குள் வரம்பைக் கடந்துவிடுவது இவ்வாறுதான்.

கால்சியம் கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. நீரின் பிஎச் அளவோ (அமில காரத் தன்மையைக் காட்டும் குறியீடு), அமிலத்தைத் தாங்கும் ஆற்றலாகிய காரத்தன்மையோ, வெப்பமோ உயரும்போது அது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து வெண்துகளாக மிதக்கத் தொடங்கும். சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரைவது போலன்றி, கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகவே கரையும் என்பதை நினைவிற் கொண்டால், சித்திரை வெயிலில் குளங்கள் வெளுப்பதன் காரணம் விளங்கும். நீர் கால்சியம் கார்பனேட்டைப் படியவிடுமா, அல்லது பூச்சிலிருந்து அரித்தெடுக்குமா என்பதைக் கணிக்கும் குறியீட்டைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்லியர் 1936-இலேயே வகுத்துத் தந்தார். ஐந்து அளவுகளைக் கொண்டு காகிதத்தில் போடக்கூடிய அக்கணக்கை இன்றும் வீட்டுக் குளங்களுக்குப் போடுவோர் மிகச் சிலரே.

இந்நிலையில்தான் பிளீச்சிங் பவுடர் உள்ளே நுழைகிறது. மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் உள்ள அத்தூளில் பயன்படு குளோரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் கணிசமான பகுதி கரையாத சுண்ணாம்பு. அது குளத்தில் கால்சியத்தையும் கூட்டுகிறது, பிஎச் அளவையும் உயர்த்துகிறது. அதாவது கார்பனேட் பிரிவதற்குத் தேவையான இரண்டையும் ஒரே வாளியில் தருகிறது. வெளுத்த நீரைக் கண்ட பணியாளர் கிருமி மிகுந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஒரு வாளி கரைத்து ஊற்ற, நீர் மேலும் வெளுக்க, மறுநாள் இன்னொரு வாளி ஊற்றப்படுகிறது. இச்சுழல் பணியாளரின் அக்கறையின்மையால் விளைவதன்று. அவருக்கு வேறெதுவும் கற்பிக்கப்படாததால் விளைவது. பிளீச்சிங் பவுடரைத் தவிர்க்கவே இயலாத இடங்களில், அதைத் தனித்தொட்டியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியும் வரை விட்டுத் தெளிந்த மேல்நீரை மட்டும் குளத்தில் சேர்ப்பது தீமையைப் பெருமளவு குறைக்கும். கடின நீர்ப் பகுதிகளுக்குக் கால்சியம் இல்லாத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலே ஏற்றது. ஆனால் அது வெயிலிலும் வெப்பத்திலும் விரைவில் வலுவிழக்கும் என்பதால், மாதக்கணக்கில் மொட்டை மாடியில் கிடந்த கேனிலிருந்து ஊற்றுவதால் பயனில்லை.

துகளை இனங்காணப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்தால், ஓரிரு நிமிடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும் நீரில் இருந்தது காற்றுக் குமிழி. அப்போது தேட வேண்டியது பம்புக்கு முந்தைய உறிஞ்சுகுழாயில் உள்ள கசிவை. தெளியாத நீரில் இரண்டொரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டவுடன் தெளிந்தால் அது கார்பனேட். அமிலத்துக்கும் அசையாமல் மங்கலாகவே நிற்பது உயிர்ப்பொருளாகவோ களிமண்ணாகவோ இருக்கக்கூடும். ஊற்றும்போது தெளிவாக இருந்து, குளோரின் பட்டவுடன் பழுப்பேறும் புதுநீரில் இரும்பு உள்ளது. இந்தக் குவளைச் சோதனைக்கு ஆகும் நேரம், ஒரு வாளி மருந்தைக் கரைப்பதற்கு ஆகும் நேரத்தை விடக் குறைவு. கார்பனேட் என உறுதியானால், நீர்த்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிஎச் அளவை 7.2 அருகில் இறக்கி, பம்பை ஓடவிட்டு, துகள் மீண்டும் கரையவும் வடிகட்டியில் சிக்கவும் நேரம் தர வேண்டும். பின்னர் நீரின் ஒரு பகுதியை வெளியேற்றி, மழைநீரோ கடினத்தன்மை குறைந்த லாரித் தண்ணீரோ கொண்டு ஈடுசெய்யாத வரை நோய் திரும்பத் திரும்ப வரும்.

உயிர்ப்பொருளால் வரும் கலங்கலுக்குக் குளோரின்தான் மருந்து. ஆயினும் குளத்தில் எவ்வளவு குளோரின் உள்ளது என்பதும், அதில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள். நீரில் கரைந்த குளோரினில் கிருமியைக் கொல்லும் வலிமை மிக்க வடிவம் ஹைப்போகுளோரஸ் அமிலம். வேறு சேர்மானம் இல்லாத நீரில் பிஎச் 7.5 ஆக இருக்கையில் குளோரினில் ஏறத்தாழப் பாதி இவ்வடிவில் இருக்கும், 8.0 ஆகும்போது அது கால் பங்காகக் குறைந்துவிடும். டிரைகுளோர் மாத்திரைகள் குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கின்றன. வெயிலில் குளோரின் சிதைவதைத் தடுக்கும் இப்பொருள் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் துணை செய்யும். அளவு மிஞ்சினால் குளோரினைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொண்டு செயலிழக்கச் செய்யும். டிரைகுளோர் தரும் ஒவ்வொரு 10 மில்லிகிராம் குளோரினுக்கும் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் உடன்வருகிறது. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாகும் குளத்தில் இது மாதத்துக்கு 36 வீதம் ஏறி, மூன்றே மாதங்களில் நூறைத் தாண்டும். அது ஆவியாவதில்லை, நீரை வெளியேற்றினாலன்றிக் கணிசமாகக் குறைவதுமில்லை. அப்போது சோதனைப் பெட்டி குளோரின் 3 உள்ளதென்று காட்டிக்கொண்டிருக்க, குளம் மங்கி, பின் பச்சையேறும்.

சோதனைப் பெட்டியைக் குறித்தும் ஒரு சொல். பரவலாகப் புழங்கும் மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. பெட்டி மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். வியர்வை முதலிய கழிவுகளோடு பிணைந்து வலுவிழந்த குளோரினையும் கட்டற்ற குளோரினையும் அது பிரித்தறியாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. முறை பிரித்தறியும், எனினும் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்நிறமே வெளுத்துப்போய்ச் சுழியம் போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி மேலும் குளோரின் கொட்டுவோர் உண்டு. மாதிரி நீரைப் பங்கு போட்டு நீர்க்கச் செய்து மறுமுறை பார்ப்பதே இதற்கு மாற்று. பாசி கண்ணுக்குத் தெரியுமுன்பே அதைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனையும் ஒன்று உண்டு. சூரியன் மறைந்த பின்னரும் மறுநாள் உதிக்கும் முன்னரும் கட்டற்ற குளோரினை அளந்து, இடையே இழப்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால், வெயில் இல்லாத இரவில் அதை உண்டது நீரிலுள்ள உயிர்ப்பொருளே எனக் கொள்ளலாம். அத்தகைய குளத்தில் குளோரினை உயர்த்தி, இரவு இழப்பு அடங்கும் வரை அந்த உயரத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஒருநாள் கொட்டி மூன்று நாள் விட்டுவிடுவதால் பாசி ஓய்வெடுத்துத் திரும்பும். டிரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில், ஏன் ஒரே ஈரக் கரண்டியில்கூடக் கலக்க விடக் கூடாது. அக்கலவை தீப்பற்றி வெடிக்கக்கூடியது.

கொல்லப்பட்ட பாசியும் நீரிலேதான் மிதக்கும் என்பதால், எந்த மருந்துக்குப் பின்னரும் இறுதி வேலை வடிகட்டியுடையது. மணல் வடிகட்டி ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். கலங்கலை உண்டாக்கும் துகள்களோ பெரும்பாலும் அதனினும் சிறியவை. மணலில் ஓரளவு அழுக்கு படிந்த பின்னரே இடைவெளிகள் குறுகி அது நுண்துகளைப் பிடிக்கத் தொடங்குகிறது. எனவே நீர் தெளியவில்லையே என்று நாள்தோறும் பேக்வாஷ் செய்வது, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவுவது, தெளிவைத் தள்ளிப்போடும் செயலே. கழுவிய நிலையில் அழுத்தமானி காட்டும் அளவை விட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடிய பின் கழுவினால் போதும். வேகமும் முக்கியமானது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வடிகட்டியில் மணிக்கு 30 மீட்டர் வேகத்தில் நீர் இறங்கினால் மணிக்கு 8,500 லிட்டர் வடியும். 50,000 லிட்டர் குளம் ஒருமுறை சுற்றிவர ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் வடிந்த நீர் வடியாத நீரோடு உடனுக்குடன் கலந்துவிடுவதால், ஒரு சுற்றில் உண்மையில் வடிகட்டியைக் கடப்பது குளத்து நீரில் 63 விழுக்காடே. 98 விழுக்காடு கடக்க நான்கு சுற்றுகள் வேண்டும். மின்கட்டணத்துக்கு அஞ்சி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மட்டும் பம்பு ஓடும் வீட்டில் அது நான்கு நாள்.

கூழ்ம நிலையில் உள்ள துகள்கள், அதாவது படியவும் இயலாமல் மணலில் சிக்கவும் இயலாமல் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள், எத்தனை சுற்று ஓடினாலும் நிற்கும். அவற்றின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்துத் திரளச் செய்வதே ஆலம் எனப்படும் அலுமினியம் சல்பேட்டின் பணி. இந்நுட்பம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கிய நீரைத் தெளியவைக்கும் வழக்கம் கலித்தொகையில் உவமையாகவே இடம்பெற்றுள்ளது. நீரைத் தெளிவிப்பதற்கும் மனத்தை ஆற்றுவதற்கும் 'தேற்றுதல்' என்ற ஒரே சொல் வழங்குவது இத்தொழிலில் உள்ளோர் பெருமிதம் கொள்ளத்தக்கது. ஆலம் இடும்போது காரத்தன்மை குறையும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் ஆலம் ஏறத்தாழ 20 மில்லிகிராம் காரத்தன்மையை உண்டுவிடும். பிஎச் மிக உயர்ந்த நீரில் அலுமினியமே கரைந்து நின்று, வடிகட்டிக்குப் பின் புதிய கலங்கலாகத் திரும்பும். ஆகவே முதலில் பிஎச் அளவைச் சீராக்கி, ஒரு லிட்டர் ஜாடிகள் சிலவற்றில் வெவ்வேறு அளவு ஆலம் இட்டுப் பார்த்து, நன்கு திரண்ட அளவையே குளத்துக்குக் கணக்கிட வேண்டும். இரவு முழுதும் பம்பை நிறுத்தி, காலையில் அடியில் படிந்த வண்டலைக் கலைக்காமல், மல்டிபோர்ட் வால்வை வெளியேற்று நிலைக்குத் திருப்பி வேக்குவம் கொண்டு நேரே வெளியே உறிஞ்ச வேண்டும். அதே வண்டலை வடிகட்டி வழியாக இழுத்தால் மணல் அடைபட்டுவிடும்.

இவை எதுவும் ஒரே பிற்பகலில் முடிவன அல்ல. ஞாயிற்றுக்கிழமை பேரக்குழந்தைகள் வருகிறார்கள், சனிக்கிழமைக்குள் நீர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை அழைக்கும் உரிமையாளரின் முன்னால், ஏதேனும் செய்வதாகக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில்தான் பெரும்பாலான தேவையற்ற மருந்துகள் குளத்தில் விழுகின்றன. அந்த நெருக்கடியைப் பணியாளர் தனியே சுமக்குமாறு விடுவது பராமரிப்பு நிறுவனங்களின் தவறு. பிஎச், காரத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, கட்டற்ற குளோரின், சயனூரிக் அமிலம், வடிகட்டி அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் எழுதும் பதிவேடு ஒன்று குளத்தருகே இருந்தால், தெளிய நான்கு நாள் ஆகும், அதுவரை குளத்தை மூடி வைக்க வேண்டும் என்று அவர் முதல் நாளிலேயே அந்த எண்களைக் காட்டிச் சொல்ல இயலும்.