மரமா... ஜூலியா?



டிசம்பர் வந்தாலே ஒரு பக்கம் அரையாண்டுத் தேர்வு... இன்னொரு பக்கம் கேக் வாசனை! நம் அலுவலகத்துக்கு வரும் தபால்களிலும் இப்போது நட்சத்திரம், குடில், கிறிஸ்துமஸ் தாத்தா என்று உங்கள் ஓவியங்கள்தான் குவிகின்றன. அவற்றுக்கு நடுவே, கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு கடிதம். தூத்துக்குடியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தாள்.

"எங்க வீட்டுல ஜூலின்னு ஒரு நாய்க்குட்டி இருக்கு. அஞ்சு மாசம் ஆகுது. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரம் வைக்கணும்னு எனக்கு ஆசை. மரம் வச்சா, பண்டிகை முடியற வரைக்கும் ஜூலியைக் கொல்லைப்புறத்துல கட்டிப் போடணும்னு அப்பா சொல்றாங்க. ஜூலி உள்ள இருந்தா மரம் கிடையாதாம். நான் என்ன செய்யட்டும்?"

சின்னக் கேள்விதான். ஆனால், அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ராஜாவின் ஞாபகமாகவே இருக்கிறது.

ராஜா, பாளையங்கோட்டையில் என் அத்தை வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். அரையாண்டு விடுமுறைக்கு நான் அங்கேதான் போவேன். அந்த வருஷம் மாமா ஒரு சவுக்குக் கிளை வெட்டி வந்து, மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்டார். நானும் அத்தை பிள்ளைகளும் அதற்கு உச்சியிலிருந்து தரை வரைக்கும் ஜிகினாச் சரம் சுற்றினோம். பளபளவென்று மின்னியது.

மறுநாள் காலை பார்த்தால் மரம் தரையில் கிடக்கிறது! சரம் பாதியைக் காணோம். ராஜா கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்தான். மாமா குச்சியை எடுத்து இரண்டு போடு போட்டு, கொல்லையில் கொய்யா மரத்தடியில் கட்டிவிட்டார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். அன்றைக்கு அவன் சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாள் கிறிஸ்துமஸ். பிரியாணி வாசனைக்கும் தலையைத் தூக்கவில்லை. "அடி வாங்கின ரோஷம்... பசிச்சா தானா சாப்பிடுவான்" என்றார்கள் பெரியவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "நூல், கயிறு ஏதாவது தின்றதா?" என்று கேட்டார். ஆபரேஷன் செய்தும் ராஜா பிழைக்கவில்லை.

காணாமல் போன பாதிச் சரம் எங்கே என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, குட்டீஸ். 'யார் குற்றவாளி' என்று மட்டும்தான் பார்த்தோம்.

ஜிகினாவில் அப்படி என்ன ஆபத்து? பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்குகிறது? அதேதான். நீளமான சரம், ரிப்பன், நூல் எதுவானாலும் அதன் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் கீழே இழுத்துக்கொண்டே போகும். குடல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கி, கடைசியில் அறுபட்டுவிடும். அதனால் நாயின் வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால், உதவி செய்வதாக நினைத்து இழுத்துவிடாதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

சரி, ராஜா ஏன் அதைத் தின்றான்? கொஞ்சம் நாயின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்களேன்! மரம் என்றால் அதற்குத் தெருவில் இருப்பது. முகர்ந்து பார்க்கும், ஆண் நாய் என்றால் காலைத் தூக்கும். அந்த மரத்தை நீங்களே வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டு, "சீ! உள்ளே அசிங்கம் பண்ணிவிட்டதே" என்றால் அதற்கு என்ன புரியும்? நிறமும் அதற்கு வேறு. நம் கண்ணில் நிறம் காண மூன்று வகைச் செல்கள், நாய்க்கு இரண்டு வகைதான். நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பும் பச்சையும் நமக்குப் போல் பிரிந்து தெரியாது. பச்சை மரத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்ட சிவப்பு உருண்டையின் அழகு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆடுகிறதா, வாசனை வருகிறதா, வாயில் கொள்ளுமா... அவ்வளவுதான் அதன் கணக்கு! அதிலும் ஜூலிக்கு ஐந்து மாதம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயது. ஈறு நமநமவென்று இருக்கும். கண்டதையும் கடிக்கத்தான் செய்யும்.

ஆகவே, முதலில் மரத்தைப் பார்ப்போம். நம் ஊரில் பல வீடுகளில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். (கையில் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். நாம் ஊசி இலை என்று நினைப்பது இலையே இல்லை, மெல்லிய குச்சி. கணுக்கணுவாகக் கழற்றலாம். கணுவில் பொடிப்பொடியாக இருக்கும் செதில்கள்தான் அசல் இலை!) கிளை சில நாளில் காய்ந்து கொட்ட ஆரம்பித்துவிடும். எனவே 22, 23-ஆம் தேதி வாக்கில் கொண்டு வந்தால் போதும். நாய்க்கும் அத்தனை நாள் சோதனை மிச்சம். முள் முள்ளாக இருக்கும் குட்டிக் காய்களை முதலிலேயே பறித்துவிடுங்கள்.

நர்சரியில் தொட்டியோடு 'கிறிஸ்துமஸ் மரம்' என்று ஒன்று விற்கிறார்களே, தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்குமே... அது பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவின் மரம். 1774-இல் கேப்டன் குக் அந்தத் தீவைக் கண்டபோது இந்த மரங்களையும் கண்டார். மண் நிறைந்த தொட்டி கனமாக இருப்பதால் எளிதில் சாயாது. பண்டிகை முடிந்ததும் வாசலுக்குப் போய்விடும். அடுத்த வருஷமும் ஆகும். எனக்குக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக் மரம் வைத்திருப்பவர்கள், உதிர்கிற துண்டுகளைத் தினமும் பெருக்க வேண்டும். எந்த மரமானாலும் சுவர் மூலையில் வைத்து, பின்னால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பெரிய நாயின் வால் பட்டாலே மரம் விழும்! சின்ன மரம் என்றால் மேஜை மேல் ஏற்றிவிடலாம். கிளையைத் தண்ணீரில் நிறுத்தாமல் ஈர மணலில் நட்டால், நாய் அழுக்குத் தண்ணீரைக் குடிக்கும் கவலை இல்லை.

மரத்தை நட்டதும் அன்றே அலங்கரிக்க ஓடாதீர்கள். ஒரு நாள் சும்மா விடுங்கள். ஜூலி சுற்றிச் சுற்றி வந்து முகரட்டும். கடிக்கப் போனால் "விடு" என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு கேரட் துண்டைக் கொடுங்கள். அடி வேண்டாம்.

இனி அலங்காரம். நாய் பின்காலில் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் எட்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். (நல்ல வேடிக்கையாக இருக்கும்!) அதற்குக் கீழே எதுவும் வேண்டாம், வெறும் பச்சை. மேலே பனை ஓலை நட்சத்திரம், காகிதப் பூ, துணிப் பொம்மை என்று தொங்கவிடலாம். கண்ணாடி உருண்டை விழுந்தால் உடைந்து காலிலும் வாயிலும் குத்தும். ஜிகினாச் சரம்? எங்கள் வீட்டு மரத்தில் அது ஏறுவதே இல்லை.

சீரியல் லைட் விஷயத்தில் பெரியவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மரத்தில் நிஜ மெழுகுவத்தியையே ஏற்றினார்கள். 1882-இல் நியூயார்க்கில், எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் என்பவர்தான் தன் வீட்டு மரத்தில் முதல்முதலாக 80 மின்விளக்குகளை எரியவிட்டார். தீ பயம் குறைந்தது. கடிக்க ஒயர் வந்தது! பல்பு குட்டியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கடையில் வாங்கும் பல சரங்கள் வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் நேராக இணைவன. ஒயரை உயரமாகக் கொண்டு போங்கள். யாரும் இல்லாத நேரத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஒருவேளை நாய் ஒயரைக் கடித்து ஷாக் அடித்தால், நாயைத் தொடக்கூடாது. முதலில் பெரியவர்கள் மெயினை அணைக்க வேண்டும். பட்டன் பாட்டரி போட்ட விளக்கும் ஆகாது. விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும்.

சாக்லேட்டை மரத்தில் கட்டுவது, கேக்கை அடியில் வைப்பது... இரண்டும் கூடவே கூடாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், நாயின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். கேக்கில் உள்ள உலர்திராட்சை சில நாய்களுக்குக் கொஞ்சமே ஆனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். "பாவம், ஒரு துண்டு" என்று பாசத்தோடு ஊட்டுவதுதான் பெரிய ஆபத்து! தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன தின்றது, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பயந்துகொண்டு அப்பா அம்மாவிடம் மறைத்தால், போகிற ஒவ்வொரு மணி நேரமும் நாய்க்குத்தான் நஷ்டம்.

தூத்துக்குடிக்கு இதையெல்லாம் எழுதிப் பதில் போட்டுவிட்டேன். அப்பாவின் பேச்சை மீற வேண்டாம், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு என்றும் எழுதியிருக்கிறேன். இரவிலும், வீட்டில் ஆள் இல்லாத போதும் மரம் இருக்கும் அறையைச் சாத்திவிட்டால் போதுமே! பத்து நாள் கட்டிப் போடுவானேன்? நள்ளிரவில் வெடி வெடிக்கும்போது மட்டும் ஜூலியை உள்ளறையில் வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். மரத்தில் எத்தனை பொருள் தொங்குகிறது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஜூலியைத் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பொருளைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

மரத்தையும் ஜூலியையும் சேர்த்து ஒரு படம் வரைந்து அனுப்பச் சொன்னேன். ஜூலி மரத்தைத் தள்ளிவிட்டால்... அதையும் வரையலாம்!

அன்புடன்,
ஆசிரியர்