கிளிமூக்கு மட்டும்தான் மாம்பழமா?

2025 கோடையில் மாம்பழ விலை சரிந்தபோது ஆட்சியாளர்கள் எடுத்த முடிவை இன்னமும் ஏற்க முடியவில்லை. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன், குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று ஒப்புதல் வந்தது. ஆந்திரத்தில் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மத்திய அரசுக்குக் கடிதம் போனது. அதற்கு மேல் ராஜபாளையம் பக்கத்துத் தேவதானத்துத் தோப்புக்காரர் கையில் எதுவும் வந்து சேரவில்லை.

பணம் வந்திருந்தாலும் இங்கே எந்த வாசலில் நின்று வாங்குவது? அண்டை மாநிலங்களின் ஏற்பாடு பெரும்பாலும் கூழ் ஆலைகளை நம்பியது. ஆலைகள் நம்பியிருப்பது கிளிமூக்கை. நம் மாநிலத்துக் கூழ் ஆலைகள் கிருஷ்ணகிரிப் பக்கம் குவிந்திருக்கின்றன. ராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கிலோ ஐந்து ரூபாய்க்குப் போன காயை லாரியில் ஏற்றியிருந்தால் பறிகூலி தேறியிருக்குமா, வாடகை தேறியிருக்குமா?

சேத்தூர், தேவதானம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடியில் பேர்சொல்லும் பழங்கள் சப்பட்டையும் பஞ்சவர்ணமும். சீசனில் ராஜபாளையத்துக்கு வந்தவர் யாரும் சப்பட்டை வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. அந்தச் சப்பட்டை எத்தனை நாள் தாங்கும், கூழாக்கினால் நிறம் நிற்குமா, எந்தப் பதத்தில் பறித்தால் காம்புப் பால் வடிந்து தோல் கருகாது, காற்றில் உதிர்ந்த காயை வற்றலாக எவ்வளவு வேகமாக உலர்த்தலாம்? இவற்றுக்குத் தோப்புக்காரர் நடந்துபோய்க் கேட்கும் தூரத்தில் பதில் சொல்ல ஆளில்லை. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகிறது என்பது உலகம் அறிந்த செய்தி. நம் ஊரில் கொட்டை குப்பைமேட்டுக்குப் போகிறது. லூதியானாவின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் தந்த கணக்குப்படி நாட்டின் மாம்பழத்தில் 9.16 சதவீதம் வீண். பதினொரு பழத்தில் ஒன்று.

வீணாவது விவசாயியின் பணம் மட்டுமல்ல, பிள்ளைகளின் கண்ணுக்கான சத்தும்தான். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறோம். அது வேண்டும், தொடரட்டும். ஆனால் அந்தச் சத்தாக உடலில் மாறும் கரோட்டீன் மஞ்சளாய்ப் பழுத்து அதே ஊரின் மரத்தடியில் ஈ மொய்க்கக் கிடக்கிறது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறோம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பக்கத்துத் தோப்பில் காய்த்துக் குலுங்கும் மாம்பழத்துக்கு அந்தத் தட்டில் இடமில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கெடாமல் இருக்கும் பழக்கூழை உருவாக்கித் தாருங்கள் என்று எந்த ஆய்வகத்தையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே கைகள் எடுத்த மற்ற முடிவுகளும் இப்படித்தான். கூழுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 5 ஆக்கும்படி விலை சரிந்த ஜூனிலேயே கெஞ்சினோம். குறைப்பு நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22-ல், தோப்பு காலியான பிறகு. காயைப் பழுக்கவைக்கும் கார்பைடு கல்லுக்குத் தடை சரி. 2016-ல் எத்திலீன் வாயுவுக்கு அனுமதியும் சரி. கோடைதோறும் மண்டிகளில் சோதனை, பறிமுதல், அழிப்பு என்று காட்டும் வேகத்தில் பாதியையாவது, சின்ன மண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும் பழுக்கவைக்கும் அறையைச் சொல்லிக்கொடுப்பதில் காட்டினார்களா?

நெல்லிலும் அதே கதை. 1967-ல் மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காப்பாற்றத் திருவாரூர் நவீன அரிசி ஆலைக்குள்ளேயே ஒரு சிறு ஆய்வகம் தொடங்கினார்கள். ஈரநெல் கிடந்த இடத்துக்கே விஞ்ஞானி போனார். அந்த ஆய்வகம்தான் வளர்ந்து, 2021-ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில், அதே டெல்டாவில் கொள்முதல் நிலையத்து மூட்டைக்குள்ளேயே நெல் முளைத்தது. கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக்கக் கேட்டதற்கு மத்தியக் குழு வந்தது, மாதிரி எடுத்தது, பிறகு மறுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரை மாற்றி மாற்றி உயர்த்தத் தெரிந்தவர்களுக்கு, களத்துமேட்டில் நெல் உலர்த்த ஒரு வழி செய்யத் தெரியவில்லை. அறிவு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. அதைக் கோப்புக்குள் பூட்டிவைத்தவர்கள் செய்தது அநியாயம்.

ராஜபாளையத்து மலையடியில் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். தஞ்சாவூர் நிறுவனத்தின் கிளையோ, கூட்டுறவு உலர்த்தும் கூடமோ, பெயர் எதுவானாலும் சப்பட்டையைத் தெரிந்த இடமாக அது இருக்கட்டும். தை பிறந்ததும் மரம் பூக்கும். பூவைப் பார்த்துக் குத்தகை பேச ஆள் வந்துவிடுவார்கள். அப்போது தோப்புக்காரர் என்ன விலை சொல்வது என்பதையாவது முடிவெடுத்தவர்கள் முன்னால் வந்து சொல்லட்டும்.