பாறையில்லாக் கரை

ஆரம்பாக்கத்து இளைஞர் ஒருவர் தாம் தீட்டிய தைலவண்ண ஓவியத்தைச் சில மாதங்களுக்கு முன் எம்மிடம் கொணர்ந்து காட்டினார். கருமேகம், பொங்கும் அலை, செங்குத்தான பாறை, அதன்மேல் தனித்து நிற்கும் மனிதன். கைத்திறனுக்குக் குறைவில்லை. “இந்தப் பாறை நம் பக்கத்தில் எங்கே உள்ளது, தம்பி?” என வினவினோம். நாணிச் சிரித்தார். நாள்காட்டிப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்தாராம்.

ஆரம்பாக்கத்தார் கண்முன் விரிவது பழவேற்காட்டு ஏரி. அங்கே பாறையுமில்லை, பேரலையுமில்லை. ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டரே. கிழக்கே நோக்கினால் கடலன்று, ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் மெல்லிய கோடே தென்படும். 1979 முதல் விண்கலங்கள் எழும்பும் தீவு அது. கடல் அதற்கும் அப்பால். நீரும் நீலமன்று, பாதி சேற்றின் நிறம், பாதி வானின் நிறம்.

அவர் மனத்தைக் கவர்ந்த ஓவிய மரபிற்கு ஜெர்மனியின் காஸ்பார் டாவிட் பிரீட்ரிக் (1774–1840) தலைசிறந்த எடுத்துக்காட்டு. பால்டிக் கடலோரத்தில் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில், பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்த தம் உடன்பிறந்தானை இழந்தார். இவரைக் காக்க முயன்றே அச்சிறுவன் மாண்டான் என்பர். 1808-க்கும் 1810-க்கும் இடையே அவர் தீட்டிய ‘கடலோரத் துறவி’ இன்று பெர்லினில் உள்ளது. வெளிறிய மணல், கருங்கடல் ஒரு கீற்று, எஞ்சிய பெரும்பரப்பு முழுவதும் வானம். துறவியோ ஒரு விரலளவு. அவர் லூத்தரன் சபையினர். ஆயினும் அந்தத் துறவியின் முன் நாம் அந்நியராய் நிற்பதில்லை.

அகச்சிவப்புக் கதிரால் அவ்வோவியத்தை ஆராய்ந்தோர் ஓர் உண்மை கண்டனர். அக்கடலில் முதலில் கப்பல்கள் இருந்தன. பிரீட்ரிக்கே பின்னர் அவற்றை வண்ணத்தால் மூடிவிட்டார்.

இதைச் சொன்னதும் இளைஞர், “அப்படியானால் நானும் வலைக்கழிகளையும் பிளாஸ்டிக் டப்பாக்களையும் விட்டுவிடலாம் அல்லவா?” என்றார். விடலாம். ஆனால் பிரீட்ரிக் தாம் கண்டு, வரைந்து, எண்ணிப் பார்த்த பிறகே நீக்கினார். ஏரியைப் பாராமலே கழிகளை விலக்குவது வேறு. அந்தக் கழிகளால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஆகவே கரையில் பென்சிலும் தாளும் போதும். பிரீட்ரிக்கும் வெளியில் பென்சிலால் வரைந்து, டிரெஸ்டன் நகரில் தம் அறையில்தான் வண்ணம் தீட்டினார். கித்தானில் வானத்தை முதலில் இடுக. நீரின் நிறம் அதனைப் பொறுத்தது. அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக இருக்கட்டும். மேலே செல்லச்செல்ல ஆளிவிதை எண்ணெய் கூடட்டும். மாற்றிச் செய்தால், மேற்பூச்சு முந்தி இறுகி, அடியிலுள்ளது அசையும்போது வெடித்துவிடும். தைலவண்ணம் நீர் வற்றிக் காய்வதன்று. காற்றின் பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. எனவே பொறுமை வேண்டும். கூரை வீட்டினர்க்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர். அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். கையில் பென்சில் படம்: இடப்புறம் பனைமரம், நடுவே கழியில் கட்டிய படகு, தொலைவில் அந்த மெல்லிய கோடு. பாதி அழிக்கப்பட்டிருந்தது. ஏன் என்றோம். ஓவியமே பாராத தந்தையார் அதை வாங்கி நெடுநேரம் நோக்கினாராம். பின்பு, “பனையோலை வடக்கே சாய்ந்து பறக்கிறது; அப்படியானால் காற்று தெற்கிலிருந்து. கட்டிய படகு காற்றை எதிர்த்தல்லவா முகம் வைக்கும்? நீ வடக்கே திருப்பியிருக்கிறாயே!” என்றாராம்.

மறுநாள் விடியலில் இருவருமாய்க் கரைக்குச் சென்று, படகை மட்டும் திரும்ப வரைந்திருக்கின்றனர்.