மீட்புப் படையினரின் மனக்காயம்

ஒடிஸ்ஸா ராஜ்யத்தில் பாலசோருக்கு அருகிலுள்ள பாஹாநகா பஜார் ரயில் நிலையத்தில், 2023ஆம் வருஷம் ஜூன் மாதம் 2ந் தேதி மாலை, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும், ஹௌராவுக்குப் போய்க்கொண்டிருந்த பெங்களூர் வண்டியும், நின்றிருந்த ஒரு கூட்ஸ் வண்டியும் சிக்கிய கோர விபத்தில் 290க்கு மேற்பட்டோர் மாண்டதை நம் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஸிக்னல் பிழை எங்கே நேர்ந்தது, பொறுப்பு யாருடையது என்பன போன்ற கேள்விகளைப்பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அது தேவையான காரியமே. ஆனால் விபத்து நடந்து நாலு நாட்களுக்குப் பின், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அப்போதைய தலைவர் ஸ்ரீ அதுல் கர்வால் டில்லியில் கூறிய ஒரு விஷயம், ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்துவிட்டது. அதைப்பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

அவருடைய படையின் 9 பிரிவுகள் அங்கே வேலை செய்தன. 44 பேரை உயிருடன் மீட்டன. 121 பிரேதங்களை எடுத்துக் கொடுத்தன. அவ்வேலையில் ஈடுபட்ட ஒருவருக்குத் தண்ணீரைக் கண்டால் இரத்தமாகத் தோன்றியது என்றும், இன்னொருவருக்குப் பசி என்பதே அற்றுப்போயிற்று என்றும் அவர் பகிரங்கமாகச் சொன்னார். மீட்பு வேலையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு மனோதைரியம் கெடாமலிருக்க ஆலோசனையும் பயிற்சியும் அளிக்கத் தொடங்கியிருப்பதாகவும் தெரிவித்தார். படைத் தலைவர் ஒருவர் தம் ஆட்களின் மன வேதனையை மறைக்காமல் ஒப்புக்கொண்டது பாராட்டத் தக்கது.

அதே பாஹாநகாவில் நடந்த இன்னொன்றையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிரேதங்களை வைத்திருந்த உயர்தரப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையப் பிள்ளைகள் அஞ்சினார்கள். அதிகாரிகள் அந்தப் பயத்தை அலட்சியம் செய்யவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்தப் பழைய கட்டிடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். பிரேதம் கிடந்த இடத்தைப் பார்க்கவே பிள்ளைகள் அஞ்சுவார்கள் என்பதை உணர்ந்த சமூகம், அப்பிரேதங்களைத் தோளில் சுமந்தவர்களின் மனத்தில் என்ன தங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா? கட்டிடத்தை இடித்துவிடலாம்; நினைவை இடிக்க முடியாது. அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். அவ்வைத்தியத்தைக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்களும் வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயல்ல. முதல் உலக மகா யுத்தத்தில் காயமே படாத சிப்பாய்கள் நடுங்கினார்கள், ஊமையானார்கள், உறக்கமிழந்தார்கள். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி என்று வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். ராணுவக் கோர்ட்டுகளோ பல வேளைகளில் அதைக் கோழைத்தனம் என்றே கருதின. கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 2006இல்தான் சட்டமூலம் மன்னிப்பு அளித்தது. நியாயம் 90 வருஷம் தாமதித்து வந்தது. மாண்டவர்களுக்கு அதனால் ஆவதென்ன?

அந்த யுத்த காலத்தில் ஸ்காட்லாந்திலுள்ள கிரெய்க்லாக்கர்ட் ஆஸ்பத்திரியில் இத்தகைய அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்தவர்களில் டாக்டர் ரிவர்ஸ் ஒருவர். 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோதவர்களிடையே ஆராய்ச்சி நடத்தி, 1906இல் அவர்களைப்பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர் அவரே. நடந்ததை மறந்துவிடு என்று நோயாளியை வற்புறுத்துவது நோயை வளர்க்கும் என்றும், அதேபோல் இடைவிடாமல் அதையே நினைக்கும்படி செய்வதும் தீங்கு என்றும் அவர் கருதினார். இந்த இரண்டாவது எச்சரிக்கையைப் பிற்காலத்தார் மறந்ததனால் விளைந்ததைக் கீழே காண்போம்.

வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் அவஸ்தையை முன்னிட்டு, 1980இல் அமெரிக்க மனோ வைத்தியர் சங்கம், அதிர்ச்சிக்குப் பின் நேரும் இம்மனநோயைத் தன் அட்டவணையில் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்று இன்று எல்லோரும் சொல்லுவது இதுவே. 2013இல் அவ்வட்டவணையைத் திருத்தியபோது, மனித உடலின் சிதைவுகளைப் பொறுக்கியெடுக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் போலீஸாரையும் உதாரணமாகவே குறிப்பிட்டது. ஆக, விபத்தில் அகப்பட்டவனுக்கு மட்டுமல்ல, காப்பாற்றப் போனவனுக்கும் காயம் உண்டு என்பது இன்று வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட சத்தியம்.

அக்காயத்தின் ஆழத்தை அமெரிக்காவில் ருடர்மன் குடும்ப அறநிலையம் 2018இல் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. 2017இல் அந்நாட்டில் கடமையின்போது மாண்ட தீயணைப்புப் படையினர் 93 பேர். தற்கொலையால் மாண்டவர்கள் 103 பேர். போலீஸாரில் கடமையின்போது மாண்டவர்கள் 129. தற்கொலையால் மாண்டவர்கள் 140. நெருப்பும் துப்பாக்கியும் கொன்றவர்களைவிட மனத்துயர் கொன்றவர்கள் அதிகம் என்பதே இதன் பொருள்.

இனி, கற்பிக்கும் நிபுணர்களைப்பற்றிப் பார்ப்போம். நிபுணர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று கொள்வதும் ஆபத்து என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. தீயணைப்புப் படையிலும் அவசர வைத்திய ஊழியத்திலும் முன்பு வேலை செய்தவரான ஜெப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், 1983இல் ஒரு முறையை வெளியிட்டார். கோரமான சம்பவத்தில் வேலை செய்த கோஷ்டியைச் சில தினங்களுக்குள் ஒன்றாக உட்கார வைத்து, நடந்தது என்ன, நினைத்தது என்ன, பட்டது என்ன என்று ஏழு படிகளாகக் கேட்டுத் தேற்றி அனுப்புவது அம்முறை. டீப்ரீபிங் என்ற பெயரால் அது பல தேசங்களுக்கும் பரவிற்று. சம்பவத்தில் அகப்பட்ட நோயாளிகளுக்கும் தனித்தனியே அதைச் செய்யலானார்கள்.

நோக்கம் நல்லதுதான், ஆனால் பரீட்சை செய்து பார்த்தபோது பலன் வேறாக இருந்தது. தீக்காயம் பட்டவர்களிடையே பிரிட்டனில் நடத்தி 1997இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு வருஷத்துக்குப் பின் பார்த்தால், இம்முறையில் பேசவைக்கப்பட்டவர்களில் 100க்கு 26 பேருக்கும், பேசவைக்கப்படாதவர்களில் 100க்கு 9 பேருக்கும் மனநோய் இருந்தது. முதல் வகுப்பாருக்கு ஆரம்பத்திலேயே காயம் கடுமையாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆயினும் இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர் 2002இல், ஒரே தடவை நடத்தும் இம்முறை நோயைத் தடுப்பதாக ருசுவில்லை என்றும், கட்டாயமாக அதை நடத்துவது நிறுத்தப்பட வேண்டும் என்றும் முடிவு கூறினார்கள். பிரிட்டனின் வைத்திய நெறிமுறை ஸ்தாபனமும் 2005இல் அதைச் சாதாரண வழக்கமாகக் கையாளக் கூடாது என்றது. தங்கள் முறை கோஷ்டியாக உழைக்கும் பணியாளர்களுக்கு ஏற்பட்டதேயன்றித் தனி நோயாளிகளுக்கு ஏற்பட்டதல்ல என்பது மிட்செல் கட்சியாரின் பதில். அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பலனை நிரூபிக்கவேண்டிய பொறுப்பு, முறையை விற்பவரைச் சேர்ந்ததேயன்றி அதற்கு உட்படுபவரைச் சேர்ந்ததல்ல.

பின் எதைக் கற்பிப்பது? உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட மனோ முதலுதவிக் கைந்நூல், பார், கேள், தொடர்பு உண்டாக்கு என்ற மூன்று விதிகளையே முக்கியமாகக் கூறுகிறது. யார் தத்தளிக்கிறார் என்று பார்; சொல்ல விரும்பினால் கேள், விரும்பாதவனை வற்புறுத்தாதே; வேண்டிய உதவி கிடைக்கும் இடத்துடன் அவனைச் சேர்த்துவை. பெரும்பாலோர் உறக்கமும் ஓய்வும் உற்றார் துணையும் கிடைத்தால் தாமாகவே தேறிவிடுகிறார்கள். வாரங்கள் சென்றும் தேறாதவர்களுக்கு, அதிர்ச்சியைக் குறித்தே நடத்தப்படும் மனோ சிகிச்சை முறைகள் உண்டு. அவற்றை அதே ஸ்தாபனம் 2013இல் சிபாரிசு செய்திருக்கிறது. தேறுபவன் யார், தேறாதவன் யார் என்று காலத்தில் இனம் கண்டுகொள்வதே கற்பிக்கவேண்டிய வித்தை.

அதைக் கற்பிக்க யாருக்கு யோக்கியதை உண்டு? பட்டம் மட்டும் போதாது. அத்தொழிலின் வாசனையும் வேண்டும். 2001ஆம் வருஷம் செப்டம்பர் 11ந் தேதி நியூயார்க் தீயணைப்புப் படை 343 பேரைப் பறிகொடுத்தது. அப்படையின் ஆலோசனைப் பிரிவு, மனோ வைத்தியர்களுடன் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்தது. தீயில் நுழைந்தவனிடம் தீயில் நுழைந்தவன் வாய்திறப்பான். அறிமுகமில்லாத பிரசங்கியிடம் வாய்திறப்பது அரிது.

பாஷையும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் ஊழியம் செய்த மனோ வைத்தியர் தயா சோமசுந்தரம், ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்ததோடு, 'மனவடு' என்ற தமிழ்க் கைந்நூலும் வெளிவரச் செய்தார். அந்த ஒரு சொல் ஆயிரம் பிரசங்கங்களுக்குச் சமானம். காயம் ஆறியும் தழும்பு நிற்பதை நம் ஜனங்கள் நன்கறிவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தாரும் 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரையில் உள்ளூர்த் தொண்டர்களையே பழக்கினார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனோ வைத்தியர்கூட இல்லாத தேசத்தில் இதுவே நடக்கக்கூடிய வழி.

வழி தெரிந்தும் சட்டம் பின்தங்கி நிற்கிறது. பேரிடர்க் காலத்து மனநலத்தைப்பற்றித் தேசியப் பேரிடர் அதிகார சபை 2009இலேயே நெறிமுறைகள் வகுத்தது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, போலீஸார் முதலிய உத்தியோகஸ்தர்களுக்கு அச்சட்டத்தைப்பற்றி அவ்வப்போது பயிற்சி அளிக்கவேண்டும் என்கிறது. நல்லது, ஆனால் அது பிறருடைய நோயை அவர்கள் உணர்வதற்கான பயிற்சி. அவர்களுடைய நோயை உணர்வது யார்? 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம், ஈயத்தின் விஷம், நுரையீரல் நோய் முதலியவற்றைத் தொழில் நோய்கள் என்று அட்டவணையிட்டது. மனநோய் அதில் இல்லை. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் அதற்கு இடம் அளிக்கப்படவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர்களில் பலர் சர்க்கார் ஊழியர்களும் அல்லர்; ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளக்காரர்கள். இவர்கள் தம் நோய் தொழிலால் வந்தது என்று தாமே ருசுப்படுத்தவேண்டியிருக்கிறது. உறக்கமிழந்தவன் கோர்ட்டில் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவான்?

கனடாவிலுள்ள ஒண்டேரியோ மாகாணம் இதற்கு விடை கண்டிருக்கிறது. அங்கே 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, போலீஸார், தீயணைப்போர், ஆம்புலன்ஸ் ஊழியர் முதலியோருக்கு இந்நோய் இருப்பதாக மனோ வைத்தியர் அல்லது மனோதத்துவ நிபுணர் நிர்ணயித்துவிட்டால், அது வேலையால் வந்தது என்றே அனுமானிக்கவேண்டும்; இல்லையென்பவர்தான் நிரூபிக்கவேண்டும். நம் சட்டசபைகள் பின்பற்றத் தகுந்த முன்மாதிரி இது.

இதனால் பாசாங்கு பெருகும் என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். முதுகுவலி என்று பொய் சொல்பவனும் உண்டு. அதற்காக முதுகுவலிக்கு வைத்தியம் இல்லையென்று யாரும் விதிக்கவில்லை. நோயை நிர்ணயிப்பது வைத்தியரேயன்றி நோயாளியல்லவே. மனத்துயரைப்பற்றிப் பேசினால் படையின் வீரம் குன்றும் என்பது இன்னொரு கட்சி. தலைக்கவசம் அணிவதால் வீரம் குன்றிய தீயணைப்பு வீரனை நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே, சர்க்காருக்கு நாம் வற்புறுத்துவன நான்கு. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், மீட்புப் படை ஆகிய ஒவ்வொன்றிலும் சகாக்களுக்கு உதவத் தமிழிலேயே பழக்கப்பட்டவர்கள் இருக்கவேண்டும். ஒரு நாள் பிரசங்கத்தோடு நில்லாமல் வருஷந்தோறும் அப்பழக்கத்தைப் புதுப்பிக்கவேண்டும். ஆலோசனை பெற்றவனின் விவரம் மேலதிகாரியின் கோப்புக்குப் போகக் கூடாது; போகுமானால் ஒருவனும் வாய்திறக்கமாட்டான். கோரச் சம்பவத்தில் உழைத்தவனுக்கு விடுப்பை உரிமையாகவே கொடுக்கவேண்டும்; ஆள் பற்றாக்குறையைக் காட்டி மறுக்கக் கூடாது. தொழில் நோய் அட்டவணையில் இந்நோயைச் சேர்த்து, ருசுப் பொறுப்பை மாற்றவேண்டும். இவற்றில் முதல் மூன்றுக்கும் புதுச் சட்டமே தேவையில்லை. உத்தரவு ஒன்று போதும்.

தொழிற்சங்கங்களிலும் கட்சிகளிலும் உழைக்கும் நம் நேயர்கள் இக்கோரிக்கைகளைத் தத்தம் மகாநாடுகளில் தீர்மானங்களாகக் கொண்டுவர வேண்டுகிறோம். சர்க்கார் ஏற்படுத்தியுள்ள டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416 என்பதை அறிந்த தொழிலாளரிடமெல்லாம் சொல்லிவைப்பதும் அவர்கள் இன்றே செய்யக்கூடிய சேவை. விபத்து அடுத்து எந்த ஊரில் நேரும் என்பது யாருக்கும் தெரியாது. அங்கே முதலில் ஓடிவருபவன் முன் விபத்தின் பாரத்தையும் சுமந்துகொண்டே வருகிறான் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அவனைப் பாதி உடைந்தவனாகவே மறுபடியும் அனுப்புவது அவனுக்கும் அநியாயம். அவன் கையை நம்பிக் கிடப்பவனுக்கும் அநியாயம்.